இடது மட்கார்டு

இவள் மூன்றாவது தடவையாகக் கேட்கிறாள். வீட்டில் ஒரு தடவை. சிங்காநல்லூர் தாண்டும்போது ஒரு தடவை. இப்போது இருகூர் கேட்டில், தண்டவாளத்துக்கு இருபதடி தள்ளி, இன்ஜினை நிறுத்திவிட்டு நான் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது. "சார், மிலான்லேருந்து வெளிய வந்த பிறகு இந்த பாடில யாராவது கை வெச்சிருக்காங்களா?" மடியில் அட்டை. அட்டையில் ஃபாரம். எல்லாக் கட்டமும் நிரம்பிவிட்டது, ஒன்றைத் தவிர. நான் கேட்மேனைப் பார்த்தேன். கொடியைச் சுருட்டி அக்குளில் செருகிக்கொண்டு காது குடைந்துகொண்டிருந்தான். கொடுத்து வைத்தவன், அவனை யாரும் எதுவும் கேட்பதில்லை. இவள் பேர் சாருமதி. சென்னைப் பெண், புனேயில் படிப்பு, இத்தாலியில் டூரினில் ஏதோ பழைய கார் சங்கம், அவர்களுக்காக ஊர் ஊராகப் போய் வண்டி சோதிக்கிறாள். முப்பத்தைந்து வயசு இருக்கும். நகத்தில் கிரீஸ். அது ஒன்று பிடித்திருந்தது. காலையில் மூன்று மணி நேரம் என் ஷெட்டில் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள். சேசிஸ் நம்பர் சரி. இன்ஜின் நம்பர் சரி. கண்ணாடி மூலையில் முத்திரை சரி. லான்சியா ஃப்ளமீனியா ஜி.டி., அறுபத்தொன்றாம் வருஷ வண்டி, ஐம்பது வருஷத்துக்கு மேல் ஒரே ஆள் கையில், அந்த ஆள் நான். எல்லாம் சரியென்றால் அந்தச் சங்கத்தின் பதிவேட்டில் ஏறும். ஏறினால் கப்பலில் போய் அங்கே ஏரிக்கரைக் கண்காட்சியில் நிற்கும். மகன் கிருபாகரனுக்கு அதுதான் கனவு. கிளம்பும்போது காதோரம் குனிந்து, "அப்பா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, சும்மா வளவளன்னு பேசாதீங்க" என்றான். நான் எப்போதடா வளவளவென்று பேசினேன்? எழுபத்தொன்பது வயசில் மொத்தமாகப் பேசியதை ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிடலாம். "உங்க வாயால வந்ததைத்தான் சார் நான் எழுதணும். கட்டத்தைக் காலியா விட்டா யாரும் கை வெக்கலைன்னு அர்த்தம். ரோடு டெஸ்ட் முடியறதுக்குள்ள சொல்லணும்." தெரியும் தெரியும். வீட்டிலேயே சொன்னாயே. இந்த கேட் திறந்து, அந்தப் பக்கம் வேம்பு வரைக்கும் போய்த் திரும்பினால் டெஸ்ட் முடிந்தது. அதற்குள் சொல்லணும். சொல்லாவிட்டாலும் சொன்ன மாதிரிதான். நல்ல சட்டம் போட்டிருக்கிறார்கள்.

வெயில் பானெட்டில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. ஸ்டியரிங் இடது பக்கம், ஆகவே நான் இடது பக்கம், அவள் வலது பக்கம். டிவிஎஸ் வண்டிக்காரன் ஒருத்தன், ஹேண்டிலில் இரண்டு தேங்காய்ப் பை தொங்க, அவள் பக்கமாக வந்து நின்று தலையை உள்ளே விட்டான். "ஏனுங்கம்மா, எத்தனை குடுக்குதுங்க?" அவளுக்குப் புரியவில்லை. "என்னது?" "மைலேஜுங்க." "நான் ஓட்டலைங்க, அவரு." அவன் எட்டி என்னைப் பார்த்தான், ஸ்டியரிங்கைப் பார்த்தான், தேங்காய்ப் பையைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் சுற்றி வந்தான். "எத்தனை குடுக்குதுங்ணா?" "ஆறு." "ஆறா! எங்க மச்சான் லாரி நாலு குடுக்குதுங்." "அப்ப லாரி வாங்கிக்க." அவனுக்குக் கோபமே வரவில்லை, சிரிக்கிறான். சாருமதியும் சிரிக்கிறாள். ஐம்பது வருஷமாக இந்த ஊர் என்னை ஒரே கேள்விதான் கேட்கிறது. எங்கே போனாய் என்று ஒருத்தன் கேட்டதில்லை. ஜி.டி. என்றால் என்ன? கிராண்ட் டூரிங். இரண்டு பேர், இரண்டு பெட்டி, தூரம். அவ்வளவுதான். போருக்கு அப்புறம் சாப்பாட்டுக்கே தாளம் போட்ட ஊர் இத்தாலி, அதில் உட்கார்ந்து ஒருத்தன் யோசித்திருக்கிறான் பார், ரேஸ் வண்டியின் உயிரும் சோபாவின் உடம்பும் ஒன்றாக இருந்தால் எப்படி என்று. காலையில் மிலானில் காப்பி, ராத்திரிச் சாப்பாடு கடலோரத்தில், இடுப்பு வலிக்கக் கூடாது. வி வடிவில் ஆறு சிலிண்டர், அதை ரோட்டு வண்டிக்கு முதலில் சரியாகக் கொண்டுவந்தவன் இந்தக் கம்பெனிக்காரன். பாடி மட்டும் வெளியே, மிலானில் ஒரு பட்டறையில். விரல் பருமன் குழாயில் எலும்புக்கூடு, அதன்மேல் அலுமினியத் தோல். அச்சு இல்லை, பிரஸ் இல்லை. மரக்கட்டை, சுத்தியல், கை. கை. அங்கேதான் வந்து நிற்கிறது, எங்கே சுற்றினாலும். இதே வண்டியில் திம்பம் மலையில் இருபத்தேழு வளைவையும் பிரேக் தொடாமல் ஏற்றியிருக்கிறேன். பதினாலாவது வளைவில் வீட்டுக்காரி வாந்தி எடுத்துவிட்டு, "உங்க இத்தாலிக்காரனுக்கு வவுறே கிடையாதா?" என்று கேட்டாள். இன்றைக்குக் காலையில் இவளுக்குக் காப்பி கொடுத்துவிட்டு, "அந்த வண்டிக்கு நான் சக்களத்தி அம்மிணி, அதும் ரெண்டாந்தாரம்" என்றாள். எல்லாருக்கும் சிரிப்புதான் இன்றைக்கு.

முதல் ரயில் வந்தது. எண்ணெய் வேகன்கள், நத்தை மாதிரி. ஒவ்வொரு வேகனும் கடக்கும்போது ஸ்டியரிங் லேசாக நடுங்குகிறது. "ரெண்டு பக்கமும் அரை மில்லிகூட வித்தியாசம் இல்ல சார்" என்று காலையில் சொன்னாளே, லேசர் கருவியை மூடி வைத்துக்கொண்டே, "நான் பார்த்த ஃப்ளமீனியா எதுவும் இப்படி இல்ல." அப்போது கிருபாகரன் நெஞ்சை நிமிர்த்தினான். எனக்கு வாயில் பித்தளை ருசி. இருக்காது அம்மிணி. எப்படி இருக்கும்? எண்பத்தெட்டாம் வருஷம். மார்கழி. வண்டியை அக்கக்காகப் பிரித்துப் போட்டிருந்தேன். என் தொழில் ஸ்பிண்டில். மில்லுக்கு ஸ்பிண்டில் கடைந்து கொடுப்பவன் நான், நிமிஷத்துக்குப் பதினைந்தாயிரம் சுற்று, மயிரிழை கோணினால் நூல் அறும். அந்தக் கண்ணோடு மட்கார்டைப் பார்த்தேன். வலது பக்கத்து வளைவுக்குப் பொருந்த ப்ளைவுட்டில் ஒரு அளவுப் பலகை வெட்டி, அதே பலகையைத் திருப்பி இடது பக்கம் வைத்தேன். உட்காரவில்லை. முன் சக்கரத்துக்கு மேலே, இரட்டை விளக்குக்குப் பின்னால், இடது பக்கம் பதினொரு மில்லி தூக்கல். பதினொன்று! அடிபட்டது என்றேன். எவனோ எங்கேயோ இடித்துவிட்டு அரைகுறையாக எடுத்திருக்கிறான் என்றேன். மஸ்தான் பாய் பக்கத்தில் நின்றான். உக்கடத்தில் டிங்கர் பட்டறை, அலுமினியம் தட்ட அவனை விட்டால் ஆள் கிடையாது. விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான், காதை வைத்துக் கேட்டான், உள்பக்கம் கையை விட்டுத் தடவினான். "அண்ணா, அடி வாங்குன தகடு வேற மாதிரி பேசும். இது வாங்கல." "பின்ன?" "செஞ்சவன் கையே இப்படித்தானுங்ணா. விட்டுருங்க." "கோணலா விடச் சொல்றயா?" "கோணல் உங்க பலகையிலதானுங்ணா. தகட்டுல இல்ல." எனக்குச் சுருக்கென்றது. வேலைக்காரன் எனக்கு அளவு சொல்வதா? அப்படித்தான் நினைத்தேன், மறைத்து என்ன பிரயோஜனம். வேலைக்காரன் என்றுதான் நினைத்தேன். "நான் சொல்றதைச் செய் பாய்." அவன் என்னைப் பார்த்தான். பிறகு சட்டைக் கையை மடித்தான். நீட்டுவது லேசு, சுருக்குவதுதான் கஷ்டம். சலவைச் சோப்பைத் தேய்த்து, கேஸ் காட்டி, சோப்பு பழுப்பானதும் தட்டுவான். இளகும். ஆறும். மறுபடி சோப்பு. ஒன்பது நாள். பள்ளத்தை மறைக்க ஒரு பொட்டு பட்டி வைக்கவில்லை. பத்தாம் நாள் பலகை இடது பக்கத்தில் ஜம்மென்று உட்கார்ந்தது, காகிதம் நுழைய இடமில்லை. டீ சொன்னேன். வேண்டாமுங்ணா என்று சுத்தியலைத் துணியில் சுற்றிக்கொண்டு போனான். அதற்கப்புறம் என் ஷெட்டுக்கு வரவில்லை.

ப்ரைமர். அதுதான் முள். தட்டுவதற்கு முன்னால் பெயிண்டைச் சுரண்டினது நான். என் கையால். அடியில் சாம்பல் கலர் ப்ரைமர், மிலான்காரன் பூசின முதல் பூச்சு, முழுசாக, ஒரு வெடிப்பு இல்லாமல், பிறந்த குழந்தை மாதிரி. இடித்த வண்டியில் ப்ரைமர் அப்படி இருக்குமா? பார்த்தேன். பார்த்தேனா? பார்த்துவிட்டுத்தான் சுரண்டினேன். அப்போது வெளிச்சம் சரியில்லை. வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது, காலை பத்து மணி. சரி, பார்த்தேன், அதற்கென்ன இப்போது? இரண்டாயிரத்து ஒன்பதில் கிருபாகரன் இத்தாலிக்குக் கூட்டிப்போனான். ஏரிக்கரை, புல்வெளி, தொப்பி போட்ட பெண்கள், வரிசையாக வண்டிகள், அதில் இதன் உடன்பிறப்பு ஒன்று, வெள்ளை. தொடாதே என்று பலகை. தொட்டேன். இரண்டு உள்ளங்கையையும் இரண்டு மட்கார்டு மேல் வைத்தேன். இடது மட்கார்டு மேலிருந்த கை உயர நின்றது. இன்னொன்று சிவப்பு, அதில் வலது பக்கம் தூக்கல். வெள்ளை வண்டிக்காரக் கிழவன் கத்திக்கொண்டே வந்தான், என் முகத்தைப் பார்த்ததும் கத்தலை நிறுத்திவிட்டு, என் கையைப் பிடித்து அங்கேயும் இங்கேயும் வைத்துக் காட்டி என்னமோ சொல்லிச் சிரித்தான். கிருபாகரன் மொழிபெயர்த்தான்: இந்தப் பக்கம் ஒருத்தன் தட்டினான், அந்தப் பக்கம் இன்னொருத்தன் தட்டினான், அண்ணன் தம்பி மாதிரிதான், ஒரே ஜாடை, ஒரே ஆள் இல்லை. நான் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். "வெயிலாப்பா?" என்றான். ஆமாம் என்றேன். ஊர் திரும்பி உக்கடத்துக்கு ஆட்டோ எடுத்தேன். மஸ்தான் பட்டறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். தாடி முழுக்க வெள்ளை. நீ சொன்னதுதான் சரி பாய். இவ்வளவுதான் சொல்லணும். ஐந்து வார்த்தைகூட இல்லை. ஆட்டோக்காரன் திரும்பிப் பார்த்தான், "இறங்கலீங்களா?" "நேராப் போ." கொரோனாவில் அவன் போய்விட்டான். பேப்பரில் பார்த்தேன். பயமா அது? எதற்குப் பயம், ஒரு டிங்கரிடம்? பயம்தான் கண்ணு. சொல்லிவிட்டால் அப்புறம் நான் யார்? பதினைந்தாயிரம் சுற்றில் ஆடாதவன்.

எண்ணெய் வண்டியின் கடைசி வேகன் போயிற்று. கேட் திறக்கவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொன்று வருகிறதாம். பின்னால் செங்கல் லாரிக்காரன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காலை ஆட்டுகிறான். சாருமதி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வேண்டாம். அவளே குடித்தாள். "இன்னொரு விஷயம் சார். ஐரோப்பால மூணு வண்டி முன்பக்கம் நசுங்கிக் கிடக்கு. அளவு எடுக்க ரெண்டு பக்கமும் ஒத்துப்போற உடம்பு இல்ல, பாதி அடிபட்டுப் பட்டி பூசினது, மிச்சம் ஆளுக்கு ஒரு அளவு. அதான் உங்க வண்டியை மூலமா வெச்சுப் பலகை வெட்டலாம்னு சங்கத்துல பேச்சு." பலகையா? "ஆமாம் சார். இனிமே யாரு மட்கார்டு செஞ்சாலும் இந்த அளவுதான்." எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகவே வந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். நெஞ்சுவலி என்று நினைத்திருப்பாள். அடி சக்கை! செய்யட்டும். மிலான் வண்டியெல்லாம் கோயமுத்தூர் மட்கார்டு மாட்டிக்கொண்டு ஏரிக்கரையில் நிற்கட்டும். என் பேரிலேயே, நஞ்சப்பன் பலகை! நோட்டீஸ் ஒட்டலாம். என்ன குறைச்சல்? உலகமெல்லாம் வண்டி பார்த்தவள், லேசர் வைத்துப் பார்த்தவள், அவளுக்கே தட்டின இடம் தெரியவில்லை. உக்கடத்துச் சுத்தியல் அப்படி. சொல்லாதே. வாயை மூடு. கேட்டதற்கு மட்டும் பதில் சொல். ஆனால் கேட்கிறாளே, அதைத்தானே கேட்கிறாள். நான் இன்னும் எத்தனை நாள்? இரண்டு வருஷம், மூன்று வருஷம். நான் போய்விட்டால் சொல்ல ஆள் இல்லை, நான் அமுக்கின அளவே நிஜமாகிவிடும். புஸ்தகத்தில் ஏறிவிட்டால் அதற்கப்புறம் இத்தாலிக்காரன் கையே கோணல் என்று ஆகிவிடும், அந்த வெள்ளை வண்டியைக்கூட எவனாவது ஒரு ஸ்பிண்டில் மண்டையன் பலகை வைத்துச் சரி பண்ணிவிடுவான். என்னைப் போல. எத்தனை நஞ்சப்பன் வேண்டும் உலகத்துக்கு? ஒருத்தன் போதாதா? இன்னொன்றும் இருக்கிறது. கட்டத்தைக் காலியாக விட்டால் என்ன எழுதின மாதிரி? மிலான் வேலை என்று. மஸ்தான் ஒன்பது நாள் குனிந்து தட்டினது மிலான் வேலை. அவன் தோள்பட்டை மிலான் தோள்பட்டை. அவன் சொல்லைத்தான் கேட்கவில்லை, அவன் வேலையையும் தூக்கி இன்னொருத்தனிடம் கொடுப்பதா? கொடுக்க நான் யாருடா? இது மிலான் இல்லை. இந்த ஒரு முழம் தகடு உக்கடம். எவன் கேட்டாலும் உக்கடம்.

"சார்." நாலாவது தடவை வருகிறது. நான் முந்திக்கொண்டேன். "இடது மட்கார்டு. பதினொரு மில்லி அமுக்கியிருக்கு. எண்பத்தெட்டுல. எழுதிக்க." பேனா அசையவில்லை. அவள் முகத்தில் ஆச்சரியத்தைத் தேடினேன், இல்லை. "தெரியும் சார்." "என்ன தெரியும்?" "காலையிலயே சந்தேகம். மனுஷன் கையால செஞ்சது ரெண்டு பக்கமும் அப்படி ஒண்ணா இருக்காது. உங்க பையன் எதிர்ல கேட்டா நீங்க சொல்ல மாட்டீங்கன்னுதான் ரோடு டெஸ்ட்டுன்னு வெளிய கூட்டிட்டு வந்தேன்." "சோதிச்சுப் பாத்தயா என்னை?" "உங்களை இல்ல சார், வண்டியை. ஆனா நான் கண்டுபிடிச்சதை எழுத முடியாது, நீங்க சொன்னாத்தான் எழுதலாம். நிரூபிக்க ஒரு கீறல் இல்லயே. அவ்வளவு சுத்தமான வேலை." கன்னத்தில் அறைந்த மாதிரியும் இருந்தது, யாரோ முதுகில் தட்டின மாதிரியும் இருந்தது. கெட்டிக்காரக் கழுதை. எனக்கு இப்படி ஒரு மகள் இருந்திருந்தால் தினமும் சண்டைதான். எதிர் ரயில் ஊதியது. பாசஞ்சர். அதன் சத்தத்துக்கு மேலே அவள் கத்தினாள்: "ஒரு வழி இருக்கு சார்! இடது பக்கம் தூக்கலா இருக்கற ரெண்டு மூணு வண்டியோட அளவு எங்ககிட்ட இருக்கு! பதினொரு மில்லியத் திருப்பி ஏத்திட்டா ஒரு வருஷத்துல மறுபடி பரிசோதனை! பதிவேட்டுல ஏறிடும்!" "மாட்டேன்!" "என்ன சார்?" "மாட்டேன்னேன்!" ரயில் போய்விட்டது, என் சத்தம் மட்டும் வெறும் தண்டவாளத்தில் கிடந்தது. டிவிஎஸ்காரன் திரும்பிப் பார்த்தான். பார்த்துக்கோ. திருப்பி ஏற்றுவதாம். முதலில் இருந்தது அந்த மிலான்காரன் கை போன போக்கு. காலையில் பெண்டாட்டியோடு சண்டை போட்டு வந்திருப்பான், இடது தோள் வலித்திருக்கும், அல்லது நல்ல குஷியில் இருந்திருப்பான், ஏதோ ஒன்று, தகடு அப்படி எழும்பிற்று. நான் ஸ்கேல் வைத்துப் பதினொன்று ஏற்றினால் அது அவனா? அது மறுபடியும் நான்தான், அவன் வேஷத்தில். ஒரு தடவை கெடுத்தது போதும். "தப்புதான் அம்மிணி. ஆனா அது இங்க நடந்த தப்பு. அப்படியேதான் இருக்கும்." "அப்ப வண்டி லிஸ்ட்டுல வராது சார். கண்காட்சியும் கிடையாது. உங்க பையன்..." "அவன்கிட்ட நான் பேசிக்கறேன். லிஸ்ட்டப் பாத்தா நான் இதை வாங்குனேன்?"

கேட்மேன் சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தான். கம்பம் நடுங்கி, அரை ஆள் உயரம் எழும்பி, மேலே போயிற்று. டிவிஎஸ் முதலில் பாய்ந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து பஸ்ஸும் ஆட்டோவும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு வந்தன. சாருமதி எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். இடது முன் மட்கார்டு, மாற்றப்பட்டது, பதினொரு மில்லிமீட்டர். "யார் செஞ்சதுன்னு ஒரு கட்டம் இருக்கு சார். உங்க பேரு போடவா?" "சொன்னது நஞ்சப்பன். தட்டுனது மஸ்தான், உக்கடம். வேண்டாம்னு சொன்னதும் மஸ்தான்தான். மூணையும் எழுது." "மூணாவதுக்குக் கட்டம் இல்ல சார்." "போடு." பின்னால் லாரிக்காரன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவில்லை. "சார், கேட் திறந்தாச்சு, வண்டிய எடுங்க, வீட்டுல போயி எழுதிக்கறேன்." வீட்டில் கிருபாகரன் இருக்கிறான், மட்டன் குழம்பு இருக்கிறது, அப்பா அப்படியில்லப்பா இப்படியில்லப்பா என்பான். வீடு கிடையாது. இங்கே. நான் சாவியைத் தொடவில்லை. செங்கல் லாரிக்குப் பின்னால் ஒரு காலேஜ் பஸ், அதுவும் சேர்ந்து அடிக்கிறது. "யோவ் பெருசு! காது கேக்காதா? இல்ல வண்டிதான் செத்துப்போச்சா?" அவள் ஃபாரத்தின் ஓரத்தில், அச்சடித்த கோடுகளுக்கு வெளியே, பேனாவால் ஒரு கட்டம் போட்டாள். கை குலுங்கியதில் கட்டம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. "ஸ்கேல் இல்ல சார்." "அது கிடக்குது, எழுது. வேண்டாமென்று சொன்னார். மஸ்தான்." "இனிஷியல்?" பதினைந்து வருஷம் மஸ்தான் கையால் வேலை வாங்கியிருக்கிறேன். இனிஷியல் தெரியவில்லை. லாரிக்காரன் இறங்கி என் ஜன்னலை நோக்கி வந்துகொண்டிருந்தான்.

"தெரியாது" என்றேன். "அதையும் எழுது."